72 மணி நேரமா, 5 நாளா: ஆணுறை கிழிந்த பிறகு எந்த வழி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு என் தோழியின் தங்கை போன் செய்தாள். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இன்னும் இரண்டு வருடத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று பேசி வைத்திருப்பவர்கள். முந்தின நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஆணுறை கிழிந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் தூங்கவில்லை. விடிந்ததும் கணவர் தெருமுனை மெடிக்கலுக்குப் போயிருக்கிறார். "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. ஒரு மகளிர் மருத்துவமனையில் பதினோரு வருடம் குடும்பநல ஆலோசகராக இருந்தவள். இதே பதற்றத்தை எத்தனையோ குரல்களில் கேட்டிருக்கிறேன். எல்லோரிடமும் கேட்கிற இரண்டு கேள்விகளைத்தான் அவளிடமும் கேட்டேன். எத்தனை மணி நேரம் ஆச்சு? கடைசியா பீரியட்ஸ் ஆரம்பிச்ச தேதி என்ன? மணிக்கணக்கை உடனே சொல்லிவிட்டாள். தேதிக்கு, சமையலறைச் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி எடுத்து வந்து தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பால் கணக்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பதின்மூன்றாவது நாள்.

"எந்த மாத்திரை நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த இரண்டு பதிலும் தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இப்போது, இந்த ஊரில், கைக்கு எது கிடைக்கும்?

முதலில், ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிடலாம். நிறையப் பேர் கடைசியில் அதைத்தான் செய்கிறார்கள். கருமுட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு 14-ஆம் நாள் வாக்கில், 32 நாள் ஆகிறவருக்கு 18-ஆம் நாள் வாக்கில். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும்; முட்டைக்கு ஒரு நாள்கூட முழுதாக ஆயுள் கிடையாது. ஆக, முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு தங்கக்கூடிய காலம். அதிலும் முட்டை வெளியாவதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் உறவு நடந்திருந்தால், நூறு பேரில் 25 முதல் 30 பேர் வரை கருத்தரிக்கலாம். மாதத்தில் ஏதோ ஒரு நாள் என்று பொதுவாக எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 3 முதல் 5.

இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. "எனக்கு சேஃப் டேஸ்தான்" என்று சொல்லிவிட்டு ஆறு வாரம் கழித்து எதிரில் வந்து உட்கார்ந்தவர்கள் பலர். பி.சி.ஓ.டி. எனும் சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு, பிரசவம் முடிந்து மாதவிலக்கு இன்னும் சீராகாதவர்களுக்கு, நாற்பதை ஒட்டியவர்களுக்கு முட்டை எந்த நாளில் வெளியாகும் என்று காலண்டரால் சொல்ல முடியாது. காலண்டர் ஆபத்து அதிகம் என்று காட்டினால் அதை அப்படியே நம்புங்கள். ஆபத்து இல்லை என்று காட்டினால் அவ்வளவாக நம்பாதீர்கள்.

பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை, கருப்பட்டிக் கஷாயம் எதுவும் இதற்கு உதவாது. உடனே எழுந்து கழுவுவதும், சிறுநீர் கழிப்பதும் உதவாது. இவற்றைச் செய்துபார்ப்பதில் போகிற இரண்டு நாள்தான் பெரிய நஷ்டம்.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஐ-பில், அன்வான்டட்-72 என்று விளம்பரத்தில் பார்ப்பதெல்லாம் ஒரே மருந்துதான்: லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மி.கி., ஒரே மாத்திரை. பெயரைப் பார்த்து ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் 72 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வரை அவகாசம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் தவறு. உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998-ல் வெளியான பெரிய ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களுக்கு, உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. இரண்டாம் நாளில் அது 85 ஆனது. மூன்றாம் நாளில் 58. இரவு கிழிந்தால் காலையில் மாத்திரை வாங்கக் கிளம்பிவிட வேண்டும், "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று விடக் கூடாது.

இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும், ஏனென்றால் நம் ஊரில் பாதிச் சிக்கல் இந்தக் குழப்பத்தால் வருகிறது. கர்ப்பத்தைக் கலைக்க மருத்துவர்கள் தருவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ராஸ்டால் என்ற வேறு மருந்துகள். லெவோநார்ஜெஸ்ட்ரல் செய்வது முட்டை வெளியாவதைச் சில நாள் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான். விந்தணு காத்திருந்து காத்திருந்து செத்துப்போகும். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இந்த மாத்திரையால் அது கலையாது, அதற்குக் கெடுதலும் வராது.

அந்த வேலையிலேயே இதன் குறையும் இருக்கிறது. முட்டையை வெளியேற்றச் சொல்லி மூளையிலிருந்து வரும் ஹார்மோன் ஏற ஆரம்பித்துவிட்டால், அதற்கப்புறம் இந்த மாத்திரையால் அதைத் தடுக்க முடியாது. அதாவது ஆபத்து உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மாத்திரையின் கை கட்டப்பட்டிருக்கிறது. பதின்மூன்றாவது நாளில் இருந்த அந்தப் பெண்ணுக்கு, "மாத்திரை போடு, ஆனா அதோட நிறுத்தாதே" என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம்.

போட்டபின் குமட்டல், தலைவலி, களைப்பு, நடுவில் கொஞ்சம் ரத்தம் படுவது, அடுத்த மாதவிலக்கு ஒரு வாரம் முன்னே பின்னே வருவது, எல்லாம் சாதாரணம். போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். கர்ப்பப்பை கெட்டுப்போகும், பின்னால் குழந்தையே பிறக்காது என்பதெல்லாம் பொய். மாதத்தில் இரண்டு தடவை போட நேர்ந்தாலும் ஆபத்தில்லை. ஆனால் வழக்கமான கருத்தடையாக வைத்துக்கொண்டால் ஏமாற்றிவிடும், மாதவிலக்கும் தாறுமாறாகும். இன்னொன்றும் உண்டு. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, நின்றுபோகவில்லை. மாத்திரை போட்ட தைரியத்தில் அந்த வாரமே பாதுகாப்பில்லாமல் இருந்தால், தள்ளிப்போன முட்டை அப்போது வந்து நிற்கும். அடுத்த மாதவிலக்கு வரும்வரை ஆணுறை அவசியம்.

இனி, வாங்குவது. இந்தியாவில் இந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று ஆகி இருபது வருடத்துக்கு மேலாகிறது. விலை நூறு ரூபாய் அளவில். தமிழ்நாட்டில் இதற்குத் தடை இல்லை. ஆனாலும் சென்னையில் கடை கடையாக ஏறினால் நாலு கடையில் இல்லை என்பார்கள், ஐந்தாவது கடையில் மேலும் கீழும் பார்த்துவிட்டு "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பார்கள். பெங்களூருக்குப் போகும் தோழியிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். அன்றைக்கு இவர்களுக்கும் பத்து மணிக்கு மேல், பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றை ஒட்டிய ஆறாவது கடையில்தான் கிடைத்தது. செய்தித்தாளில் மடித்து, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, கவரின் வாயை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்களாம். சட்டப்படி விற்கிற மருந்தை வாங்குவதற்கு ஒரு தம்பதி இப்படித் தலைகுனிந்து நிற்க வேண்டியிருப்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கல்யாணம் ஆனவர்களுக்கே இந்த நிலை என்றால், ஆகாத பெண் தனியாகப் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்க மருந்துக்கடைக்காரருக்கு எந்த உரிமையும் இல்லை. "லெவோநார்ஜெஸ்ட்ரல் ஒன்று புள்ளி ஐந்து இருக்கா?" என்று மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பேச்சு நீளாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், அரசு மருத்துவமனைகளின் குடும்பநலப் பிரிவிலும் இதே மாத்திரை இலவசத் திட்டத்தில் இருக்கிறது. கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேட்கலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

இப்போது காப்பர்-டி, அதாவது கர்ப்பப்பைக்குள் பொருத்தும் சிறிய செம்புக் கருத்தடைச் சாதனம். நான் இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் அவசரத்துக்கு உதவும் வழிகளில் இதுதான் மிக உறுதியானது, நம் ஊரில் யாரும் சொல்லாததும் இதுதான். காப்பர்-டி என்றால் இரண்டு குழந்தை பெற்றபின் போடுவது என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. உறவு நடந்து 5 நாளுக்குள் அதைப் பொருத்தினால், அந்த உறவால் கர்ப்பம் ஆகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடும். மாத்திரையைப் போல முதல் நாள், மூன்றாம் நாள் என்று பலன் தேய்வதில்லை; ஐந்தாம் நாள் போட்டாலும் அதே உறுதி. முட்டை வெளியாகிவிட்டதா இல்லையா என்பதும் இதற்குப் பொருட்டில்லை. உடல் எடை, வேறு மருந்துகள் எதுவும் இதன் பலனைக் குறைப்பதில்லை. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவை முட்டையிடம் போய்ச் சேரவிடாமல் முடக்குகின்றன. மீறிக் கருவுற்றாலும் அது கர்ப்பப்பையில் ஒட்டாமல் தடுக்கவும் கூடும். சிலருக்கு இந்தக் கடைசி விஷயம் மனசாட்சிப்படி முக்கியமாக இருக்கலாம் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

போட்டபின் அது உள்ளேயே இருந்து, 380-ஏ வகை 10 வருடமும், 375 வகை 5 வருடமும் வேலை செய்யும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்த மாதமே கருத்தரிக்கலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். போடுவதற்குச் சில நிமிடம்தான், ஆனால் அந்த நிமிடங்கள் வலிக்கும். அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு மாதவிலக்கில் ரத்தமும் வலியும் கூடும். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அடிவயிற்றில் கிருமித்தொற்று இருப்பவர்கள், ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள், கர்ப்பப்பையின் வடிவம் மாறியிருப்பவர்களுக்கு இது சரிவராது.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. திங்கட்கிழமை காலை அந்தப் பெண் முதலில் போன மருத்துவமனையில், "இன்னும் ஒரு குழந்தைகூடப் பெறலையே, உனக்கு எதுக்கு இது?" என்று அனுப்பிவிட்டார்கள். குழந்தை பெறாதவர்களும் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. கர்ப்பப்பை வாய் இறுக்கமாக இருப்பதால் பொருத்தும்போது வலி கொஞ்சம் அதிகம் இருக்கலாம், அவ்வளவுதான். ஓரிடத்தில் மறுத்தால் இன்னோர் இடத்தில் கேளுங்கள், ஐந்து நாள் இருக்கிறது. அதே நேரம், வெறும் கையோடு காத்திருக்க வேண்டாம். காப்பர்-டி நாளைக்கோ மறுநாளோதான் என்றால் மாத்திரையை இன்றைக்கே போட்டுவிடுங்கள். அப்புறம் ஏதோ காரணத்தால் காப்பர்-டி போட முடியாமல் போனாலும் மாத்திரையின் பலனாவது மிஞ்சும்.

யுலிபிரிஸ்டல் அசிடேட் என்று இன்னொரு மாத்திரை இருக்கிறது, 30 மி.கி. அளவில். உறவு நடந்து ஐந்து நாளுக்குள் போடலாம், லெவோநார்ஜெஸ்ட்ரல் கைவிடுகிற அந்த உச்ச நாட்களிலும் இது சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஐரோப்பாவில் 2009-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. லண்டனிலோ பாரிஸிலோ இருக்கும் நம்மவர்கள் மருந்துக்கடையில் இதையே கேட்டு வாங்கலாம். நம் ஊர் மருந்துக்கடையில் இதை எதிர்பார்த்துப் போக முடியாது. இதைப் போட்டவர்கள் வழக்கமான கருத்தடை மாத்திரையை ஐந்து நாள் கழித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

எதுவுமே கிடைக்காத ஊரில் கடைசிக் கையிருப்பாகப் பழைய முறை ஒன்று உண்டு. கனடாவைச் சேர்ந்த டாக்டர் ஆல்பர்ட் யூஸ்பே 1970-களில் சொன்ன முறை. தினசரி போடும் கருத்தடை மாத்திரையான மாலா-டி அல்லது மாலா-என் அட்டையிலிருந்து 4 ஹார்மோன் மாத்திரை உடனே, 12 மணி நேரம் கழித்து இன்னும் 4. அட்டையில் வெள்ளையாக இருக்கும் 21-தான் ஹார்மோன். நிறம் மாறி இருக்கும் 7 வெறும் இரும்புச்சத்து, அவை இதற்கு ஆகாது. இதையும் 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். குமட்டலும் வாந்தியும் அதிகம், பலன் தனி மாத்திரையைவிடக் குறைவு. ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்கள் தொடக் கூடாது. முடிந்தால் ஒரு செவிலியரையாவது கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சிலருக்கு இந்தத் தேர்வு மாறும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்கு ஃபெனிடோயின், கார்பமாசெபின், ஃபினோபார்பிட்டால் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்துகள் லெவோநார்ஜெஸ்ட்ரலை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். நிறுத்தி நாலு வாரம் வரைக்கும் அந்த விளைவு இருக்கும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் விஷயத்தை மாமியார் வீட்டுக்குச் சொல்லாத பெண்கள் உண்டு, மருந்துக்கடையிலும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குக் காப்பர்-டி நல்லது. முடியாதென்றால் டாக்டரைக் கேட்டு இரட்டை அளவு, அதாவது 3 மி.கி. போடலாம். உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் ஒற்றை மாத்திரையின் பலன் குறையலாம் என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல் இதையே சொல்கிறது. பால் கொடுக்கும் தாய்மார்கள் லெவோநார்ஜெஸ்ட்ரல் தாராளமாகப் போடலாம். பிரசவமாகி 21 நாள் ஆகவில்லை என்றால் எதுவுமே தேவையில்லை.

விருப்பமில்லாமல், பலவந்தமாக நடந்திருந்தால், மாத்திரையோடு முடிகிற விஷயம் இல்லை அது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். கருத்தடை மாத்திரையும், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அங்கே தருவார்கள். 181 பெண்கள் உதவி எண். தனியாகப் போக வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

எந்த வழி எடுத்தாலும், உறவு நடந்து 21 நாள் கழித்து, அல்லது மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளிப்போனால், காலையில் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நடுவில் ரத்தம் பட்டதை மாதவிலக்கு என்று எண்ணிப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, மயக்கம் என்றால் உடனே மருத்துவமனை. கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

பரிசோதனையில் இரண்டு கோடு வந்தாலும் வாசல் அடைபடவில்லை. கருத்தடை தவறி உண்டான கர்ப்பத்தை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. 2021 திருத்தத்துக்குப் பின் "கணவர்" என்ற சொல் "துணைவர்" என்று மாறி, கல்யாணம் ஆகாதவர்களையும் அது உள்ளடக்குகிறது. 18 வயது நிறைந்தவருக்குக் கணவர் கையெழுத்தோ பெற்றோர் கையெழுத்தோ தேவையில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தானே கலைத்துக்கொண்டு ரத்தப்போக்கோடு வந்தவர்களைப் பார்த்தவள் என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன், இதற்கு மட்டும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அந்தப் பெண் ஞாயிறு பதினொரு மணிக்கு மாத்திரை போட்டாள். முதல் இடத்தில் மறுத்ததும், நான் சொன்ன இரண்டாவது மருத்துவமனையில், திங்கள் மதியம், ஏறக்குறைய 39 மணி நேரத்தில் காப்பர்-டி போட்டுக்கொண்டாள். காலண்டரில் 21-ஆம் நாளை எண்ணி, அந்தக் கட்டத்தில் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். அந்த நாளில் ஒரே கோடுதான் வந்தது. அடுத்த மாதம் போன் செய்தபோது, "நாப்கின் ரெண்டு மூணு அதிகமா ஆகுதுக்கா, இது சரிதானா?" என்று கேட்டாள். முதல் சில மாதம் அப்படித்தான் இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேள், காப்பர்-டியின் நூல் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வா என்றேன்.